மலைக்காற்று வீடு

ஒரு காலத்தில் என் அப்பாவின் வீட்டில் தீக்குச்சி எரியாது.

தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜம். வாசற்படிக்கு வெளியே நின்று உரசினால் குச்சி எரியும். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு உரசினால் மருந்து மட்டும் சுர்ரென்று சீறும். நெருப்பு குச்சியின் மரத்தைத் தொடுவதற்குள் அணைந்துவிடும். நூல் போலக் கொஞ்சம் புகை வரும், அவ்வளவுதான். ஊரில் எங்கள் வீட்டுக்கு ‘மலைக்காத்து வீடு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்பா பெயர் கழுகாசலம். தீயணைப்புத் துறையில் கடைநிலையில் சேர்ந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவர். ஊரில் எந்த வீடு எரிந்தாலும் அதில் கொஞ்சத்தைக் கையோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். திரைச்சீலை பற்றி ஒரு வீடு எரிந்தது. மறுநாள் எங்கள் ஜன்னல்கள் மொட்டையாக நின்றன. செல்போன் சார்ஜர் வெடித்து யார் வீட்டிலோ மெத்தை எரிந்தது. அன்றிலிருந்து எங்கள் போன்களெல்லாம் குளியலறை வாசலில், மணல் தட்டில் படுத்துக்கொண்டுதான் சார்ஜ் ஏறின. மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள். எங்கள் வீட்டில் கறியும் உண்டு, அதற்கு முன்னால் ஒத்திகையும் உண்டு. அப்பா விசில் ஊதினால் நானும் அம்மாவும் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்ந்து வாசலுக்கு வரவேண்டும். ஒரு தடவை அம்மா பாதி வழியில் எழுந்து அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

"ஏ செண்பகம், எங்க போற? அங்கதான் தீ!" என்று அப்பா கத்தினார்.

"கொழம்பு அடிப்பிடிக்குது. என்னைச் செத்த கணக்குல வச்சுக்கிட்டு நீங்க புள்ளையைக் காப்பாத்துங்க" என்றாள் அம்மா.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அப்பா பட்டது சிரிப்பில்லை. அவர் முழுசாகத் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் எழுந்து கேஸ் வால்வைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு சுவிட்சுகள், பிறகு சாமி அலமாரி. மறுபடி படுப்பார், மறுபடி எழுவார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது என்பார்களே, அப்பா அதை வருஷக்கணக்கில் செய்தார். அவர் எழும்போதெல்லாம் அம்மாவும் எழுந்தாள்.

"ஏன்ப்பா இப்படிப் பயப்படுறீங்க?" என்று காலேஜ் படிக்கும்போது ஒரு தடவை கேட்டேன்.

"எரிஞ்ச வீட்டு வாசல்ல நின்னு பேசியிருக்கியா தாயி? எல்லா வீட்லயும் ஒரே பேச்சுத்தான். ‘ஒரு நிமிசம்தான் சார் அந்தப் பக்கம் போனேன்.’ அந்த ஒரு நிமிசத்தை என்னால மறக்க முடியல" என்றார்.

அவர் ஓய்வு பெற்ற சமயத்தில்தான் அந்த மெஷின் வீடுகளுக்கு வர ஆரம்பித்தது. அதுவரை அருங்காட்சியகங்களிலும் கம்ப்யூட்டர்கள் அடுக்கிய கூடங்களிலும் மட்டும் இருந்த சரக்கு. பீரோ அளவு பெட்டி, பின்கட்டில் நின்று உம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். கதவு ஜன்னல் இடுக்கெல்லாம் ரப்பர் வைத்து அடைத்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது; மறுவீட்டுக்கு வந்த கணவர் அகிலேஷையும் என்னையும் அம்மாவையும் ஹாலில் உட்காரவைத்து அப்பா வகுப்பு எடுத்தார்.

"காத்துல நூத்துக்கு இருபத்தோரு பங்கு ஆக்சிஜன். இந்த மெஷின் அதைப் பதினஞ்சாக் குறைச்சிரும். மனுசன் மூச்சு விடலாம். நெருப்பால மூச்சு விட முடியாது."

"குறைச்சா நமக்கு இழுக்காதா?" என்றாள் அம்மா.

"தொட்டபெட்டா உச்சியில நிக்கிற மாதிரி இருக்கும். அங்க ஆளுக நிக்கலையா?"

"அங்கதான் டீக்கடையில அடுப்பு எரியுதே!"

அம்மாவிடமிருந்து இந்தக் கேள்வியை அப்பா எதிர்பார்க்கவில்லை. "மலை மேல மொத்தக் காத்தும் கம்மி, ஆனா பங்கு மாறாது. இங்க பங்கே கம்மி. நமக்கு மொத்தக் கணக்கு, நெருப்புக்குப் பங்குக் கணக்கு."

"கறியில பங்கு குறைஞ்சா நீங்களும்தான் அணைஞ்சு போவீக" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்தாள். எழுந்தவள் சாமி அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "அப்ப விளக்கு?"

அப்பா தயாராக வைத்திருந்த பல்பு விளக்கை எடுத்து நீட்டினார். சுடர் போலவே ஆடும், மஞ்சளாக எரியும், தொட்டாலும் சுடாது.

"அம்மன் முன்னாடி பல்பைக் காட்டவா? தெருவிளக்கா அவ?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அம்மா விளக்கேற்றாமல் இருந்ததில்லை. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். போனில் என்னிடம் அழக்கூட அழுதாள். அப்புறம் ஒரு நாள் அவளிடமிருந்து சந்தோஷமான குரலில் போன் வந்தது.

"நித்தி, உங்க அப்பா கொறட்டை விடுறாக! விடிஞ்சும் எந்திரிக்கல. நான் மூச்சு இருக்கான்னு மூக்குல கைய வச்சுப் பார்த்தேன்."

அதற்குப் பிறகு விளக்கு பற்றிய புலம்பலே நின்றுபோனது. அப்பாவின் தூக்கத்துக்காக அம்மா பல்போடு சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் அப்பா ஹாலின் நடுவில் நின்று ஒரு தீக்குச்சியை உரசுவார். அணைந்தால் "சரி" என்று சொல்லிவிட்டுக் காபிக்கு உட்காருவார். காற்றை அளக்க மீட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று அகிலேஷ் சொன்னபோது, "மீட்டர் பேட்டரி தீர்ந்தா பொய் சொல்லும் மாப்ளே. குச்சி பொய் சொல்லாது" என்றுவிட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் நிலைமைதான் வேடிக்கை. பீடி இல்லாமல் ஐந்து நிமிஷம் உட்கார முடியாத சித்தப்பா வாசலோடு குசலம் விசாரித்துவிட்டுப் போக ஆரம்பித்தார். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துக்கு வந்த பங்காளிகள் உரக்கக் கத்திப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று பாதியிலேயே சமாதானமாகிவிட்டார்கள். ஊர்தான் ஹாக்கிக்குப் பெயர்போனதாயிற்றே, ஒரு பயிற்சியாளர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மலையில் ஓடினால் விளையாடுகிறவர்களுக்கு நுரையீரல் பலப்படுமாம். தன் அணிப் பெண்களைத் தினமும் காலையில் எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்க அனுமதிக்கவேண்டும் என்றார். அனுமதித்தோம். அந்த வருஷம் அவர்கள் கோப்பை ஜெயித்து, அதை வீட்டுக்கே கொண்டுவந்து மெஷினுக்கு மாலை போட்டார்கள்.

எனக்கும் அகிலேஷுக்கும் மட்டும் அந்தக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இருப்பது ஓசூரில். ஒவ்வொரு தடவையும் ஆசையாக ரயிலேறி வந்து, இரண்டாம் நாளே தலைவலி, மூச்சிரைப்பு என்று திரும்பினோம். கடைசியாகப் பொங்கலுக்குப் போனபோது மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "உனக்கு நிசமாவே இழுக்குதா?" என்று கேட்டாள். "இழுக்காம? நடிக்கிறேனா?" என்று எரிந்து விழுந்தேன்.

அதற்கப்புறம்தான் நான் உண்டானேன்.

ஓசூர் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. ஊட்டி கொடைக்கானல்னு கிளம்பிடாதே" என்றார். நான் எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாசக்கணக்கில் மலை உச்சியிலே உட்கார்ற மாதிரி அது. உனக்குக் கிடைக்கிற ஆக்சிஜன்லதான் குழந்தைக்கும் பங்கு. அந்த வீட்டுக்கு நீ போகவே கூடாது."

முதல் பிரசவம் தாய் வீட்டில். எத்தனையோ விஷயத்தில் நான் புதுசாக யோசிக்கிறவள் என்று பீற்றிக்கொள்வதுண்டு, இதில் இல்லை. எனக்கு என் அம்மாவின் கையால் பத்தியக் குழம்பு வேண்டும். என் பழைய அறை வேண்டும். ‘சாஞ்சு உக்காராத, நேரா உக்காரு’ என்று நாள் முழுக்கத் திட்டு வாங்கவேண்டும். அதை நினைத்துக்கொண்டே வாந்தியெடுத்த நாட்களையெல்லாம் தாண்டியிருந்தேன். அப்பாவுக்குப் போன் போட்டு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "மெஷினை ஆஃப் பண்ணிருங்கப்பா, பிள்ளை பிறந்து நான் ஊருக்குக் கிளம்பினதும் திரும்பப் போட்டுக்கோங்க" என்றேன்.

"யோசிக்கிறேன் தாயி" என்றார்.

நான் எது கேட்டாலும் அப்பா யோசிக்காமல் சரி என்பவர். என் முகம் தொங்கிப் போயிற்று.

யோசித்து யோசித்து அவர் சொன்ன யோசனைகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் அறைக்கு மட்டும் சாதாரணக் காற்று விட்டு, வாசலில் அவரே தீயணைப்பானோடு நாற்காலி போட்டு உட்காருவதாகச் சொன்னார். சரி என்றேன். மறுநாள், "நான் கண்ணசந்துட்டா?" என்று அவரே அதை ரத்து செய்தார். அடுத்தது இன்னும் விசேஷம்.

"எதிர்த்த வீடு காலியா இருக்கு தாயி. அங்க வந்து இரு. அம்மா கூட இருப்பா. ஜன்னலத் தொறந்தா நம்ம வீடு நல்லாத் தெரியும்."

"உங்க வீட்டை வேடிக்கை பார்க்கவா நான் ஓசூர்ல இருந்து வர்றேன்?" என்று போனை வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன்.

அம்மாவிடம் சண்டை போட்டேன். மெஷினா மகளா என்று அப்பாவை முடிவு செய்யச் சொல் என்றேன். அம்மாவின் பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. "அவசரப்படாத. நீ இங்கதான் வரப்போற. அவுக தூக்கமும் கெடக்கூடாது. அதுக்குள்ள ஒரு வழி பாக்கேன்" என்றாள். என்ன வழி என்று கேட்டால் குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாள். இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாப் பாத்திரம் வைத்துச் சமைக்கிறவள் வீட்டில் எந்தக் குக்கர்?

வளைகாப்பு ஓசூரில் எங்கள் வீட்டில் நடந்தது. அம்மாவும் அப்பாவும் வளையல்களோடும் சித்ரான்ன வகைகளோடும் வந்து இறங்கினார்கள். குத்துவிளக்கை ஏற்றியதும் அப்பா தன் நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மகளுக்கு வளையல் பூட்டுவதைவிட அந்தத் திரியைத்தான் அதிகம் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் முறை. பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது என் மாமியார் சாதாரணமாகக் கேட்டார்: "சம்பந்தி, சாயந்தர ரயில்லதானே நித்தியக் கூட்டிட்டுப் போறீங்க? பெட்டியெல்லாம் கட்டணுமே."

அப்பா விளக்கைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். இத்தனை உறவுக்காரர்களுக்கு நடுவில், கை நிறைய வளையலோடு, கூப்பிட ஆளில்லாதவளாக நான் உட்கார்ந்திருந்தேன். இனி ஒரு நிமிஷம் அங்கே இருந்தால் வாய்விட்டு அழுதிருப்பேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே அம்மா வந்து கதவைச் சாத்தினாள்.

"அழுவாத. நீ இன்னைக்கே எங்களோட வா. அந்த மெஷின் ஓடல."

"எப்ப ஆஃப் பண்ணாரு?"

"அவுக பண்ணல. நான்தான். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

எனக்குப் புரிய நேரமானது. மெஷினைச் சுத்தம் செய்ய வந்த ஆள் பக்கவாட்டில் ஒரு திருகைத் திருப்பியதை அம்மா கவனித்திருக்கிறாள். அதைத் திருப்பிவிட்டால் உம்மென்ற சத்தமும் பச்சை விளக்கும் அப்படியே இருக்கும், காற்று மட்டும் சாதாரணக் காற்றாகிவிடும். அவன் போன மறுநாளே அம்மா அதைத் திருப்பிவிட்டாள். சாயந்தரம் அப்பா நடக்கப் போனதும் துவரம்பருப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து விளக்கேற்றுவாள். அவர் வருவதற்குள் விளக்கை மலையேற்றிவிடுவாள்.

"அப்ப தினமும் காலையில குச்சி அணையுதே?"

"அவுக தீப்பெட்டிக்குள்ள ஈரப்பஞ்சு வச்சிருவேன். நமுத்துப் போயிரும். உரசினா எப்படி எரியும்?"

"எனக்குத் தலை வலிச்சுதே! பொங்கலுக்கு மூச்சு வாங்கிச்சே!"

"அதான் எனக்கும் புரியல. நல்ல காத்துலதான் ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டுக் கெடந்தீக."

கோப்பை ஜெயித்த ஹாக்கிப் பெண்களை நினைத்தேன். மூச்சு வாங்கிச் சமாதானமான பங்காளிகளை நினைத்தேன். அழுகையோடு சிரிப்பும் வந்து புரையேறிவிட்டது. அம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா அவுக தூங்குவாகளா? இத்தன வருசம் கழிச்சு மனுசன் நிம்மதியாக் கண்ண மூடுறாக. அதை என் வாயாலயே எப்படிக் கெடுப்பேன்? உனக்காக அவுகளே ஆஃப் பண்ணிருவாகன்னு பாத்தேன். இதுக்கு மேல பொறுக்க முடியாது. உன்னைச் சபையில அழ விட்டுட்டு எனக்கென்ன விளக்கு." சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா கதவைத் திறந்தாள்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"சொல்லாத செண்பகம்" என்றார் அப்பா.

"இல்ல, சொல்லித்தான் ஆகணும். அந்த மெஷின..."

"சொல்லாதன்னா கேளேன்! நீ சொல்லிட்டா நான் தெரிஞ்சுக்கிட்டதா ஆயிரும்."

நான்தான் கேட்டேன். "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா உள்ளே வந்து, கவிழ்த்து வைத்திருந்த சோற்றுக் குண்டான் மேல் உட்கார்ந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தீக்குச்சி மருந்துக்கு வெளிக்காத்தே வேண்டாம் தாயி. அதுக்கு வேண்டிய ஆக்சிஜன் அதுக்குள்ளயே இருக்கு. மெஷின் ஓடினாலும் மருந்து சீறத்தான் செய்யும், அப்புறம்தான் அணையும். ஒருநாள் காலையில உரசுனேன், சீறவே இல்ல. சொத்துன்னு உதிர்ந்துச்சு. தீயணைப்புக்காரனுக்கு நமுத்த குச்சி தெரியாதா? போதாக்குறைக்கு வீடெல்லாம் நல்லெண்ணெய்த் திரி வாசம்."

"பின்னே ஏன் சும்மா இருந்தீக?" என்றாள் அம்மா.

"சும்மா இருக்கணும்னு நினைக்கல. அன்னைக்குச் சாயந்தரம் கையும் களவுமாப் பிடிக்கணும்னுதான் நடக்கப் போற மாதிரி போயிட்டு, கொல்லைப்புற ஜன்னல்ல வந்து நின்னேன். நீ விளக்கை ஏத்துன. பக்கத்துல ஒரு செம்பு தண்ணி வச்சுக்கிட்ட. சம்மணம் போட்டு எதிர்லயே உக்காந்த. போன் அடிச்சுது, எந்திரிக்கல. வாசல்ல பால்காரன் கூப்பிட்டான், எந்திரிக்கல. நான் வந்துருவேனோன்னு பயந்துக்கிட்டு, அந்தச் சுடரை விட்டுக் கண்ணை எடுக்காம உக்காந்து, பூவால அணைச்சு, திரி ஆறுற வரைக்கும் தொட்டுப் பாத்த பிறகுதான் நீ எந்திரிச்ச."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சர்வீஸ் பூரா நான் போன விளக்குத் தீ எல்லாம் ஏத்தி வச்சுட்டு எந்திரிச்சுப் போன தீ. திருட்டுத்தனமா ஏத்துற விளக்கை எவளும் விட்டுட்டுப் போக மாட்டா. எந்த மெஷினும் இந்தக் காவல் காக்காது. அன்னைக்குப் போயிப் படுத்தேன் பாரு, அப்படி ஒரு தூக்கம்."

எனக்குக் கோபம் வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று எனக்கே தெரியவில்லை. "அப்ப நான் கேட்டப்பவே ‘காத்து நல்லாத்தான் இருக்கு, வா’ன்னு சொல்ல வேண்டியதுதானே? எதிர்த்த வீட்டுக்கு ஏன்ப்பா போகச் சொன்னீங்க?"

"எப்படிச் சொல்ல? மெஷின் இல்லன்னு ஆயிட்டா அவ தைரியமா ஏத்துவா. தைரியமா ஏத்துனா எந்திரிச்சுப் போயிருவா. நீ வேற உள்ள இருப்ப. பச்சப்புள்ள வேற இருக்கும்." அப்பாவின் கண் கலங்கியிருந்தது. "ஆனா இப்ப சபையில உன் முகத்தப் பாத்ததுக்கப்புறம் என்னால முடியல தாயி. கிளம்பு. நம்ம வீட்டுக்குப் போவோம்."

நான் அழுதேன். அகிலேஷ் வந்து எட்டிப் பார்த்து, பிரசவ வலியோ என்று பயந்துபோய் டாக்டருக்குப் போன் போடத் தொடங்கினார். இதற்குள் அம்மாவுக்குத் தெளிந்துவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒரு வருசமா நான் திருடி மாதிரி நெஞ்சு படபடக்க விளக்கேத்துறேன். ஐயோ, கட்டுன புருசனை ஏமாத்துறேனேன்னு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம அம்மன்கிட்ட மன்னிப்புக் கேக்கேன். நீங்க என்னடான்னா எல்லாம் தெரிஞ்சே என்னை வாச்மேன் வேலை பாக்க விட்டிருக்கீக!"

"உனக்கு நேரம் கொடுக்கணுமேன்னு மழையில கூட ஒரு மணி நேரம் நடந்தேனே, அது தெரியலையா?"

"அதான் அன்னைக்குத் தொப்பறையா நனைஞ்சுக்கிட்டு வந்தீகளா? நான் கஷாயம் வச்சுக் கொடுத்தேனே, ஐயோ பாவம்னு!"

வெளியே உறவுக்காரர்கள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயந்தர ரயிலில் மூன்று பேரும் கிளம்பினோம். ஊர் போய்ச் சேரும்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டேதான் வந்தார்கள். அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மெஷினை அப்பா ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்கள் வைக்கும் பூட்டிய அறைக்குக் கொடுத்துவிட்டார். புத்தகங்களுக்குத்தான் மூச்சு வாங்காது. ஹாக்கிப் பயிற்சியாளரிடம் மட்டும் இதுவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

"பாருங்க, பகிரங்கமா ஏத்துறேன். எந்திரிச்சா என் பேரு செண்பகவல்லி இல்ல" என்று சபதம் போட்டு அம்மா முதல் நாள் விளக்கேற்றினாள். உட்கார்ந்தும்தான் இருந்தாள், சித்தியிடமிருந்து போன் வரும்வரை. மகள் வந்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தைச் சொல்ல ஆரம்பித்து, பேசிக்கொண்டே வாசலுக்குப் போய், தெருமுனை வரை போய்விட்டாள். அப்பா சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செம்பில் தண்ணீரோடு வந்து விளக்குக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்றாவதோ நான்காவதோ நாள் படத்துக்குப் போட்டிருந்த காய்ந்த மாலை ஒன்று நழுவிச் சுடருக்கு நேராகத் தொங்கியது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து அப்பால் வைத்தார். அம்மா வந்ததும் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை.

அன்றாடம் பொழுது சாய்ந்தால் சாமிக்கு எதிரே கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கழுகாசலத்துக்குப் பக்தி முற்றிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. அணைத்துவிட்டு எழுந்து, சாப்பிட்டு, படுத்தால் குறட்டைதான்.

மகள் பிறந்தாள். எனக்கு ரத்தம் ஏறியிருந்தது, அவளுக்கும் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் பொழுது சாயும் நேரமாகப் பார்த்து வீறிட்டு அழ ஆரம்பித்தாள். வயிற்றுப் பொருமல், நாளானால் சரியாகிவிடும் என்றார்கள். பால் கொடுத்தாலும் நிற்காது, தொட்டிலில் போட்டாலும் நிற்காது. ஒருநாள் அவளைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்த அப்பா, விளக்கைக் காவல் காக்கும் நேரமாகிவிட்டதே என்று அப்படியே அதன் எதிரில் போய் உட்கார்ந்தார். அவள் சுடரைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது. சின்ன வாயைப் பிளந்துகொண்டு, அது ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையை நீட்டி அளந்து, இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். அன்றுதான் அவர் ஒரு நெருப்பைப் பார்த்துச் சிரித்து நான் பார்த்தேன்.

நேற்று வெளிச்சம் முழுதாகப் போவதற்குள்ளேயே அழுகை தொடங்கிவிட்டது. அம்மா நாலு வீடு தள்ளி நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா வாசலுக்கு ஓடினார். ஆயுசெல்லாம் ஊரில் எரிந்த நெருப்பையெல்லாம் ஓடி ஓடி அணைத்தவர், தெரு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்:

"ஏ செண்பகம், அங்க இன்னும் என்ன பேச்சு? சீக்கிரம் வந்து விளக்கை ஏத்து!"